நெஞ்சில் தைத்த எழுத்து

தவறு என்பது செய்த செயலின் பெயரா, செய்தவரின் பெயரா? அறநெறி பற்றிப் பேசுவோர் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே.

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் புதினம் இவ்வினாவையே எழுப்புகிறது. 1692-இல் சேலம் என்னும் அமெரிக்க ஊரில், சூனியம் செய்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்த நடுவர்களுள் ஒருவர் ஹாதார்னின் முன்னோர். பிறர்மீது பழி சுமத்தும் சமூகத்தைக் குறித்து எழுத அவருக்குக் காரணம் இருந்தது.

கதை 17-ஆம் நூற்றாண்டுப் பாஸ்டனில் நிகழ்கிறது. கணவன் உடனில்லாத காலத்தில் ஹெஸ்டர் பிரின் குழந்தை பெறுகிறாள். 'விபசாரம்' என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'ஏ'யைச் சிவப்புத் துணியில் தைத்து அவள் மார்பில் அணிய வேண்டும் என்பது தீர்ப்பு. குழந்தையின் தந்தை யாரென்று கூற அவள் மறுக்கிறாள். அவரோ, ஊரே போற்றும் மறைப்பணியாளர் டிம்ஸ்டேல்.

ஹெஸ்டர் ஊரைவிட்டு ஓடவில்லை. ஊசியும் நூலுமே அவளுக்குப் பிழைப்பு. ஆளுநரின் ஆடையிலும் குழந்தைகளின் குல்லாயிலும் அவள் கைவேலை இடம்பெறுகிறது. மணப்பெண்ணின் வெண்முக்காட்டைத் தைக்க மட்டும் எவரும் அவளை அழைப்பதில்லை. உழைப்பை ஏற்ற ஊர், உழைத்தவளை ஏற்கவில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரக் கதையன்று. இங்குத் தைக்கப்படும் பனியன்களை உலகமே அணிகிறது. இப்பகுதியின் நூற்பாலைகள் சிலவற்றுக்கு, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் தென்மாவட்டங்களிலிருந்து ஏழை இளம்பெண்கள் அழைத்துவரப்பட்டனர். பெரும்பாலும் 3 ஆண்டுகள் விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், அதைக்கொண்டு திருமணம் நடத்தலாம் என்பது வாக்குறுதி. 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடைசெய்த வரதட்சணைக்காகப் பல பெண்கள் தம் இளமையை நூலாக நூற்றனர். ஊர் திரும்பியபோதோ, 'மில் விடுதியில் இருந்தவளா?' என்ற ஐயப்பார்வை சிலரை எதிர்கொண்டது. திருமணத்திற்காக உழைத்த உழைப்பே திருமணத்திற்குத் தடையாயிற்று. ஹெஸ்டரைப் பழிக்க ஒரு செயலேனும் இருந்தது. இப்பெண்களுக்கோ, செயலே இல்லாமல் எழுத்து மட்டும் தைக்கப்பட்டது.

'ஊர்வாய்க்கு அஞ்சாவிடில் ஒழுக்கம் கெடாதா?' என்று சிலர் வினவலாம். நேர்மையான வினாவே. ஆயின் டிம்ஸ்டேலைப் பாருங்கள். அவர் மார்பில் ஊரார் எந்த எழுத்தையும் தைக்கவில்லை. ஊரார் அவரைப் புனிதர் என்றே கொண்டாடினர். அப்புகழ் அவரைத் தூய்மையாக்கவில்லை, உள்ளிருந்து அரித்தது. ஊரின் பழி ஒருவரைத் தீயவராக்காதது போலவே, ஊரின் புகழும் ஒருவரை நல்லவராக்காது. அறிந்து, மனமொப்பிச் செய்ததற்கே மனிதர் பொறுப்பாளி என்று நம் அறநெறி இயல் கற்பிக்கிறது. அதனை அளக்கும் இடம் மனச்சான்று, தெருத்திண்ணையன்று.

ஹெஸ்டர் ஒழுக்கத்தை எதிர்க்கவில்லை. ஓர் எழுத்தே தன் முழுப்பெயர் என்பதைத்தான் எதிர்த்தாள். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் அவள் ஆற்றிய பணியைக் கண்டு, அதே 'ஏ' 'ஏபிள்', அதாவது ஆற்றலுடையவள், என்பதைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் பலர் பொருள் கொண்டனர். எழுத்து மாறவில்லை, படித்தவர்களின் கண் மாறிற்று.

அக்கண் வீட்டிலேயே திறக்கக்கூடும் என்பதை ஜெயகாந்தன் காட்டினார். 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், வஞ்சிக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையானவளே என்று தாய் உறுதி கூறுகிறாள். அத்தாய் படிப்பறிவு மிக்கவளல்லள். ஆனால் ஊர் பேசுமுன் தான் பேசினாள். வாசகரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களும் அந்தத் தாயை மறக்கவில்லை.

கல்லெறிய வந்தோர் நடுவே நிறுத்தப்பட்ட பெண்ணிடம் நம் ஆண்டவர் நடந்துகொண்ட முறையும் நாம் அறிந்ததே. அவர் பாவத்தைப் பாவம் என்றார். பெண்ணைப் பாவம் என்று அழைக்கவில்லை.

பெண் கேட்டு வருவோர் அண்டை அயலாரிடம் விசாரிப்பது நம் ஊர் வழக்கம். அவ்வேளையில் பலர் பொய் சொல்வதில்லை, 'எனக்கென்ன தெரியும்?' என்று இழுத்து நிறுத்திவிடுகின்றனர். அந்த இழுப்பே ஊசி. அந்த நேரத்தில் 'நல்ல பெண், உழைத்த பெண்' என்று தயங்காமல் சொல்வது வெறும் மரியாதை அன்று. அது அறக்கடமை.