இறக்கத்தில் பிடிக்கும் பிரேக்

ஏற்றத்தில் எல்லோரும் நிதானமானவர்கள்தான். பரமனந்தலைத் தாண்டி ஜவ்வாது மலைச் சாலை மேலேறத் தொடங்கியதும், எப்பேர்ப்பட்ட சைக்கிள்காரராக இருந்தாலும் என் வயதில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க முடியாது. கியரைக் கடைசிப் பல்லுக்கு மாற்றிக்கொண்டு, மூச்சு போகிற போக்கில் போக வேண்டியதுதான். அந்த மெதுவான ஓட்டத்துக்காக யாரும் தன்னை மெச்சிக்கொள்ள வேண்டியதில்லை. அதை மலைதான் நம்மேல் போடுகிறது.

நானும் என் தங்கை மகனும் முந்தின நாள் சாயங்காலமே திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போய், உறவுக்காரர் வீட்டில் படுத்து, விடியும் முன்பே கிளம்பியிருந்தோம். பரமனந்தல் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, அங்கிருந்து போளூர்ப் பக்கம் இறங்கி வீடு திரும்புவதாக ஏற்பாடு. பஸ்ஸில் அரை நாளில் முடிகிற சுற்றுதான். வேண்டுமென்றே ஒரு முழுப் பகலை அதற்கு ஒதுக்கினோம்.

தை பிறந்து சில வாரம் ஆகியிருந்தது. சரிவுகளில் சாமை அறுத்து முடித்த கொல்லைகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு புளியமரத்தடியில் காலூன்றி நின்றபோது, நீண்ட வெள்ளை வாலோடு ஓர் அரசவால் ஈப்பிடிப்பான் கிளைக்குக் கிளை தாவியது. மேலே பாம்புக் கழுகு சீழ்க்கையடித்தபடி வட்டமிட்டது. இன்னொரு வளைவில் சாலையோரப் புற்று ஒன்று பாதிக்குமேல் பிளந்து கிடந்தது; மண்ணில் ஈரம் காயவில்லை. கரடி கறையானைத் தேடித் தோண்டிய புற்று அது. கரடியை நாங்கள் பார்க்கவில்லை. இரவில் அது வந்து போன இடத்தில் நிற்கிறோம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. காட்டில் பார்த்தவற்றை மட்டும் கணக்கெடுத்துக்கொண்டு திரும்புவது பாதிக் கணக்குதான் என்று நினைக்கிறேன். நம்மைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனவையும் அந்த நாளில் இருந்தன.

இந்த மலைகளைக் கடப்பதற்கு வழி சொல்லும் நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. செங்கண்மா என்று அன்று வழங்கிய செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழிகாட்டுகிற பாட்டு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்று ஒவ்வோர் ஆபத்தாக எச்சரித்துக்கொண்டு போகிறார் புலவர். பிறகு மலையின் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்: அருவி, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, குட்டி பாறைப் பிளவில் விழுந்துவிட அழும் மந்தி, குறவரின் குரவை. வழி சொல்லுகிறவருக்கு இத்தனை ஓசைகளைக் கேட்க நேரம் இருந்திருக்கிறது. வழி கேட்கிறவரும் அவற்றைக் கேட்டுக்கொண்டுதான் போவார் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கிறது. மோட்டார் வண்டியில் இந்தச் சாலையில் நான் பலமுறை போயிருக்கிறேன். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழுந்ததில்லை.

அதே செங்கத்துக்கு அவசரத்தின் வரலாறும் உண்டு. சிங்காரப்பேட்டைப் பக்கம் திறக்கும் செங்கம் கணவாய், பாராமகாலிலிருந்து ஆற்காட்டுச் சீமைக்கு இறங்கும் வாசல். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை இங்கேதான் மறித்தார்கள். சண்டையில் ஸ்மித் வென்றார். ஆனால் படைக்குத் தானியம் இல்லை. திருவண்ணாமலையை நோக்கி ஓட்டமாக ஓட வேண்டியதாயிற்று. கூத்தர்கள் நின்று நின்று போன நிலத்தில், வென்ற படையால்கூட நிற்க முடியவில்லை.

ஜமுனாமரத்தூருக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்துத் திண்ணையில் இருந்த மலையாளிப் பழங்குடிப் பாட்டி எங்கள் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, பஸ்சு வருதே, எதுக்கு இப்படி மிதிச்சிக்கினு வர்றீங்க?"

"மலையைப் பாத்துக்கிட்டே வரலாம்னுதான்மா."

பாட்டி சிரிக்கவில்லை. "நாங்க சாமை மூட்டையத் தலையில வெச்சிக்கினு போளூர் சந்தைக்கு நடந்தே எறங்குவோம். ஒரு பகலு ஆவும். புள்ளத்தாச்சிய டோலி கட்டித் தூக்கிக்கினு போவாங்க. பாதி வழியில போனதும் உண்டு" என்றார்.

அதற்குப் பிறகு டீ தொண்டையில் இறங்கவில்லை. மெதுவாகப் போவதை ஓர் அறமாகப் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு மெதுவாகப் போவது என்றால் பிரசவ வலியோடு மலையிறங்குவது. அவருக்கு வேண்டியது வேகம், தார்ச்சாலை, ஆம்புலன்ஸ். அவை இன்னும் எட்டாத குக்கிராமங்கள் இந்த மலையில் உண்டு, அவற்றுக்கும் சாலை போக வேண்டும். வேறு வழியில்லாமல் மெதுவாகப் போகிறவரிடம் நிதானத்தின் பெருமையைப் பேசுவது கொடுமை. வேகம் கைக்கு எட்டியவர்களிடம் மட்டுமே அந்தப் பேச்சை எடுக்கலாம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள். ஜமுனாமரத்தூரை அடுத்து எங்களுக்குக் காத்திருந்தது போளூர் இறக்கம்.

இறக்கத்தில் சைக்கிள் வேறொரு பிராணியாகிவிடுகிறது. மிதிக்கவே வேண்டாம். பிரேக்கை விட்டால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகம் தானாக வந்துவிடும். எஞ்சின் இல்லாததால் சத்தமும் இல்லை, காற்று மட்டும்தான் காதில் கத்தும். காட்டுக்கு ஆபத்து இங்கேதான். கரடிக்குப் பார்வையும் கேள்வியும் அவ்வளவு கூர்மை இல்லை, மோப்பம்தான் பலம். தூரத்தில் வருகிற ஆளை அது விட்டு விலகும். திடீரென்று முன்னால் வந்து நிற்கிற ஆளைத்தான் தாக்கும். ஓசையில்லாமல் வளைவைத் திரும்பிப் பாய்கிற சைக்கிள் அப்படி வந்து நிற்கிற ஆள்தான். பாம்புக்கும் உடும்புக்கும் வேறு கதை. வெயில் தாழ்ந்த பிறகும் தாரில் சூடு தங்கியிருக்கும், அதில் காய்வதற்காகவே அவை சாலைக்கு வரும். எங்கள் ஊரைச் சுற்றிய காடுகளில் தண்ணீர் தேடிச் சாலையைக் கடக்கும் புள்ளிமான்கள் வண்டியில் அடிபட்டுச் சாவது திருவண்ணாமலைக்காரர்கள் வழக்கமாகப் படிக்கிற செய்தி. ஓட்டியவர்களில் யாரும் மானைக் கொல்லக் கிளம்பியவர்கள் இல்லை. வேகத்தைக் குறைக்கத் தங்களுக்கு ஒரு காரணம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்தபடி, மணியடித்துக்கொண்டே இறங்கினோம். விரல்கள் மரத்துப்போயின. ரிம்மைத் தொட்டால் சுட்டது. ஏறும்போது கால் பட்ட பாட்டை இறங்கும்போது கை பட்டது.

தங்கை மகன் ஒரு வளைவில் நிறுத்திக் கையை உதறினான். "இந்த எறக்கம்தான் மாமா ஏறினதுக்குக் கூலி. கூலியப் போய் வேணாங்குறீங்களே?"

நல்ல கேள்வி. வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ரமண மகரிஷி சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் 1896-இல் திருவண்ணாமலை வந்தவர், 1950-இல் மறையும்வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை எப்படி நடக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல நடக்க வேண்டும். கர்ப்பிணி என்று மட்டும் சொல்லியிருக்கலாம், அரசி என்றும் சேர்த்தார். அரசிக்குப் பல்லக்கு உண்டு, தூக்க ஆள் உண்டு, நினைத்தால் நொடியில் போய்ச் சேரலாம். அதெல்லாம் இருந்தும் அவள் தன் காலால், வயிற்றில் இருப்பது அதிராமல், அடிமேல் அடி வைக்கிறாள். டோலியில் போன பெண்ணும் இந்த அரசியும் என் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள். இருவரும் சுமப்பது ஒன்றுதான், இருவரின் மெதுவும் ஒன்றல்ல.

ஐம்பதைத் தாண்டிய எனக்கு இது சாலையோடு நிற்கிற விஷயமாகத் தெரியவில்லை. இளமையில் எங்கள் வீட்டில் எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது. கடன் மெதுவாக அடைந்தது, வீடு மெதுவாக எழும்பியது. பணம் இல்லாத மெதுவு அது. அதில் எங்கள் பொறுமை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இப்போது மிதிக்காமலே வருஷங்கள் ஓடுகின்றன. பொங்கல் முடிந்து நிமிர்ந்தால் கார்த்திகை தீபம் வந்துவிடுகிறது. கையில் கொஞ்சம் வசதி, போகிற இடத்துக்கெல்லாம் வண்டி, கேட்டது மறுநாள் வாசலில். ஏறிக்கொண்டிருந்தபோது எதைப் பார்த்தோம், யாரோடு பேசினோம் என்பதெல்லாம் நினைவில் இருக்கிறது. கடந்த ஐந்தாண்டு ஒரே வீச்சாகக் கலங்கித் தெரிகிறது. பிரேக்கில் கை வைக்க வேண்டிய காலம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வயதான ஒருவரின் வீட்டுக்கு வேலையில்லாமல் போய் உட்காருவது, பக்கத்து ஊருக்கு நடந்து போவது, உடனே சொல்ல வேண்டிய பதிலை ஒரு நாள் தள்ளிச் சொல்வது. இவற்றைச் செய்ய எனக்குக் கை வலிக்கிறது. செய்யாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

அதை அவனிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "காடு முடியட்டும்டா. அதுக்கப்புறம் உன் கூலிய வாங்கிக்க" என்றேன்.

காடு முடிந்தது. கடைசி வளைவுக்குக் கீழே போளூர்ச் சமவெளி திறந்தது. இரண்டு பக்கமும் நெல் வயல், கண்ணுக்கெட்டிய தூரம் ஆளும் மாடும் இல்லாத நேர்ச்சாலை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையசைத்தேன். இருவரும் பிரேக்கை விட்டோம். அவன் "மாமாவ்!" என்று கத்திக்கொண்டு முன்னால் பறந்தான், நானும் தலையைக் குனிந்துகொண்டு அவனைத் துரத்தினேன்.