தெம்பாக இருக்கும்போதே எழுதுங்கள்

(பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு மறையுரை)



கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசுவைக் கூப்பிடுகிறான். போதகரே, சொத்தில் என் பங்கைப் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரனிடம் சொல்லும் என்கிறான். ஆண்டவர் அந்தப் பஞ்சாயத்தில் உட்கார மறுத்துவிடுகிறார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்த செல்வனின் கதையைச் சொல்கிறார். அன்றிரவே அவன் உயிர் போகிறது. சேர்த்துவைத்தது யாருக்கு? அந்தக் கேள்விக்கு அவன் பதில் எழுதி வைக்கவில்லை.

நம்மிடம் களஞ்சியமா இருக்கிறது என்று இந்தக் கடற்கரை ஊரான பிள்ளைச்சாவடியில் யாரும் சொல்லலாம். ஒரு படகு, எஞ்சின், வலை, அம்மா போட்டிருக்கும் நகை, கடல் அரித்தது போக மிஞ்சிய மனை. அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச சொத்துக்குத்தான் சண்டை அதிகம். பெரிய பணக்காரர் வீட்டில் வக்கீல் இருப்பார். நம் வீட்டில் அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்தான் இருப்பார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் கடல் யாருக்கும் தவணை கொடுக்கவில்லை என்பதை இந்தக் கரைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் தெம்பாக இருக்கும்போதே உயில் எழுதுங்கள். உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சிலுவையில் தொங்கிய ஆண்டவரைப் பாருங்கள். கொடுக்க ஒன்றுமில்லை, அங்கியைக்கூடப் படைவீரர்கள் சீட்டுப்போட்டு எடுத்துக்கொண்டார்கள். அந்த நிலையிலும் தாயை யார் பார்த்துக்கொள்வது என்பதை முடிவுசெய்துவிட்டுத்தான் அவர் உயிர்விட்டார்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? சென்னை பச்சையப்ப முதலியார் நம் மறையைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் அவர் உயிலை நாம் தெரிந்துகொள்வது நல்லது. 1794 மார்ச் 22 அன்று தம் செல்வத்தில் பெரும்பகுதியை அறப்பணிக்கு எழுதினார். அதே மாதம் 31ஆம் தேதி இறந்துபோனார். பிறகு வழக்கு. பணம் நீதிமன்றத்தில் சிக்கிக்கிடந்தது. அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். கொடுத்த மனசு பெரிய மனசுதான். பலனைக் காண 48 வருடம் ஆயிற்று.

பயத்தில் வேறொரு பக்கமும் போய்விடாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு அவர்கள் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டாம் என்று சீராக் நூல் 33ஆம் அதிகாரம் கண்டிப்பாகச் சொல்கிறது. உயில் நீங்கள் இறந்த பிறகுதான் செல்லும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பத்திரம் அப்படியல்ல.

இனி, கோவிலுக்கும் ஏழைகளுக்கும் எழுதுவது பற்றி. இதைச் சாமியாரே பேசினால் சந்தேகம் வரும். சட்டத்துக்கே வந்திருந்தது. மகன், மகள், அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று நெருங்கிய உறவு யாராவது இருந்தால், ஒரு கிறிஸ்தவர் அறப்பணிக்கு எழுதும் உயில் அவர் இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டியிருந்தது. எழுதிய 6 மாதத்துக்குள் பாதுகாப்பாக ஒப்படைக்கப்பட்டிருக்கவும் வேண்டியிருந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு இது. இந்துக்களுக்கும் இஸ்லாமியருக்கும் இந்தத் தடை இருந்ததில்லை. கேரளத்து அருட்தந்தை ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில் 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்துசெய்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் மரணப்படுக்கையில் பக்கத்தில் நிற்கும் குருவைப் பற்றிய அந்தப் பழைய சந்தேகம் முழுக்க அநியாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். அதனால் நோயில்பூசுதலுக்கு என்னைக் கூப்பிடுங்கள். உயில் எழுதக் கூப்பிடாதீர்கள்.

அப்படியானால் யாருக்கு எழுதுவது? முதலில் மனைவி. பிறகு மகன்களோடு மகள்களும். சீர் செய்தாயிற்று என்று சொல்லி மகளைத் தள்ளிவைக்காதீர்கள். பழைய ஏற்பாட்டில் செலோபுகாதின் புதல்வியருக்கு ஆண்டவரே பங்கு கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அறப்பணி. மகளை வெறுங்கையோடு விட்டுவிட்டுக் கொடிமரம் வைத்தால் அந்தக் கொடியை ஏற்ற எனக்குக் கை வராது. அப்பாவை இழந்த ஒரு பிள்ளையின் படிப்புக்கு ஆயிரங்களில் ஒரு தொகை எழுதுங்கள், அதுவே நிறைய.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தைப் பெறப் போகிறவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்து போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. சொல்தா (பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பங்களில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள் இருக்கலாம். அவர்களுக்குக் கணக்கு வேறு: ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியைத்தான் விருப்பப்படி எழுதலாம், இரண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் கால் பங்கு. விவரம் தெரிந்த வக்கீலைப் பார்க்காமல் எழுத வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். என்ன இருக்கிறது, என்ன கடன் இருக்கிறது, யாருக்கு எது என்று ஒரு தாளில் குறியுங்கள். மாதா விண்ணேற்புத் திருநாளுக்குள் அந்தத் தாளோடு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.