பொருள் அறியாமல் பாடுதல்

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்குப் பிரெஞ்சு மொழி முற்றிலும் அயலானதன்று என்று கூறினால் மாணவர் நகைப்பர். ஈப்போ நகரின் தெருக்களில் அம்மொழி நம் செவியிற் படுவதில்லை. நம் பாட்டன்மார் கித்தா மரம் சீவிய தோட்டங்களின் துரைமாரும் பெரும்பாலும் ஆங்கிலேயரே. சிலாங்கூரில் தோட்டம் நடத்திய ஆன்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் தம் நாட்டின் கொன்கூர் பரிசைப் பெற்றார் என்பதை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. ஆயினும் ஒவ்வொரு வாரமும் பள்ளிச் சபைகூடலில் நம் பிள்ளைகள் நின்று பாடும் நாட்டுப்பண்ணின் மெட்டு, பிரெஞ்சு மொழி வழங்கும் ஒரு தீவிலிருந்து நம் மாநிலத்திற்கு வந்து, இங்கிருந்து நாடு முழுமைக்கும் உரியதாயிற்று.

வரலாறு தெரிந்ததே. 1874இல் பங்கோர் உடன்படிக்கை. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் பிரித்தானிய ஆலோசகர் பர்ச் கொலையுண்டார். அதன் தொடர்பில் சுல்தான் அப்துல்லா 1877இல் சீசெல்சுத் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அத்தீவுகள் 1814 முதல் சட்டப்படி ஆங்கிலேயருக்கு உரியவையாயினும், அங்குக் குடியேறியிருந்தோர் பேசியது பிரெஞ்சும் அதனின்று கிளைத்த கிரியோலுமே. மாகே என்னும் தீவில் இசைக்குழு ஒன்று வாசித்த மெல்லிசை, நாடிழந்த அந்த அரச குடும்பத்தின் செவியில் தங்கிவிட்டது. பெராஞ்சே என்ற பிரெஞ்சுக் கவிஞரோடு (1780–1857) அதனைத் தொடர்புபடுத்திப் பலரும் எழுதியுள்ளனர். 1894இல் சுல்தான் அத்தீவிலிருந்து மீண்டார். அம்மெட்டே பேராக் மாநிலப் பண்ணாயிற்று. பின்னர் நிலவைப் பாடும் காதற் பாடலாக மேடைகளிலும் நடன அரங்குகளிலும் உலவியது. 1957இல் நாட்டுப்பண்ணுக்கென நடத்திய போட்டிக்கு வந்த 514 மெட்டுகளும் மனநிறைவு தராதுபோகவே, பேராக்கின் மெட்டே தெரிந்தெடுக்கப்பட்டது.

இதில் நாம் கருதவேண்டிய ஒன்றுண்டு. கடல் கடந்து வந்தது மெட்டு மட்டுமே. அதனோடு இருந்த பிரெஞ்சுச் சொற்கள் வரவில்லை. வந்த மெட்டு மன்னனின் நீண்ட ஆயுளை வேண்டும் சொற்களையும் ஏற்றது. நிலவொளியைப் புகழும் சொற்களையும் ஏற்றது. நாட்டன்பை உரைக்கும் சொற்களையும் ஏற்றது. மெட்டுக்குப் பொருள் ஒரு பொருட்டன்று போலும்! அப்படியாயின், பாட்டைக் கேட்டும் கூடப் பாடியும் ஒரு மொழியைக் கற்கலாம் என்று இன்று பலர் உரைப்பதில் எத்துணை உண்மை உள்ளது? அதனினும் கடினமான வினா ஒன்று ஆசிரியராகிய நமக்கு உண்டு. பொருள் அறியாத சொற்களை ஒரு குழந்தையின் வாயில் வைக்க நமக்கு உரிமை உண்டா?

முதல் வினாவை முதலில் காண்போம். பிரெஞ்சு மொழியைப் பாட்டு வழியே பயிலும் முறைக்கு வலுவான காரணங்கள் உள. அம்மொழியின் எழுத்து வேறு, ஒலி வேறு. சொல்லின் இறுதியில் எழுதப்படும் மெய்கள் பல, சொல் தனித்து நிற்கையில் ஒலிப்பதில்லை. அடுத்து உயிரை முதலாகக் கொண்ட சொல் வருமாயின் உறங்கிய மெய் விழித்து அவ்வுயிரோடு கூடும். ‘லே’ என்னும் சொல்லின்முன் நண்பரைக் குறிக்கும் ‘அமி’ வந்தால் இரண்டும் சேர்ந்து ‘லேஸமி’ என ஒலிக்கும். நன்னூலின் புணரியல் பயின்ற தமிழ் மாணவன் இதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. நமக்கு இது பழைய உறவு. மூக்கொலி உயிரும் அவ்வாறே. ‘மரம்’, ‘வந்தான்’ என்று எழுதுகிறோம். வீட்டில் பேசும்போது ஈற்றிலுள்ள மெய்யை முழுமையாக ஒலிக்காமல் அதற்கு முந்திய உயிரை மூக்கின் வழியே விடுகிறோம். ஆங்கிலேயன் அரும்பாடுபட்டுப் பழகும் ஒலியைத் தமிழ்க்குழந்தை தன் தாயின் மடியிலேயே பெற்றுவிடுகிறது. இவற்றையெல்லாம் விதிகளாக எழுதிக் கற்பித்தால் ஒரு தவணை போய்விடும். பாட்டில் கேட்டால் ஒரு மாலைப்பொழுது போதும். நாவை ‘இ’ சொல்லும் நிலையில் வைத்து இதழை ‘உ’ சொல்லக் குவிக்கும் உயிர் ஒன்று அம்மொழியில் உண்டு. நமக்குப் புதியதான அவ்வொலியையும், மெட்டோடு திரும்பத் திரும்ப வரும்போது நா நாணமின்றி முயன்று பார்க்கிறது. அயல்மொழி பேசக் கூசுகின்றவன் பாடக் கூசுவதில்லை. இவ்வுண்மையை நம் பள்ளிகளில் மலாய் கற்பிப்போரும் நன்கு அறிவர்.

ஆயினும் பாட்டு முழுமையான ஆசான் அன்று. சில இடங்களில் பொய்யும் உரைக்கும். உலகெங்கும் சிறுவர் பாடும் ‘பிரேர் ஜாக்’ என்னும் பாடலை எடுத்துக்கொள்க. பேச்சில் அப்பெயர் ஈரசையாய் முடிந்துவிடும். பாட்டிலோ, பேச்சில் மறைந்துபோகும் ஈற்றுயிர்கள் எழுந்து ஒலித்து நான்கசையாக நீளும். பாட்டை மட்டும் நம்பியவன் கடைத்தெருவில் அவ்வாறே பேசினால் கேட்போர் முறுவலிப்பர். நம் செய்யுளில் ஓசை நிறைக்க அளபெடை வருவதில்லையா? அளபெடையோடு யாரேனும் சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்பதுண்டா? செவியைத் திறப்பது பாட்டு. அதன்பின் பேச்சும் இலக்கணமும் வந்து திருத்தவேண்டும். இவ்வளவில் முதல் வினாவை விட்டுவிடலாம்.

இனி இரண்டாவது. ‘அலுவெத்’ என்றொரு பாடல் உண்டு. கனடாவில் வழங்கிய இப்பிரெஞ்சுப் பாடல் 1879இல் மொன்றியலில் மாணவர் பாடல் தொகுப்பொன்றில் அச்சேறியது. தலை, அலகு, கழுத்து, இறகு என உறுப்புப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருவதால் பிரெஞ்சு வகுப்புகளில் இதனை விரும்பிக் கற்பிப்பர். துள்ளலான மெட்டு, குழந்தைகள் கைதட்டிப் பாடுவர். ஆனால் அது சொல்வது யாது? வானம்பாடி ஒன்றைப் பிடித்து அதன் இறகுகளை உறுப்பு உறுப்பாகப் பிடுங்குவேன் என்பதே. என்னிடம் பயின்று பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்ற மாணவி ஒருத்தி இதனை எனக்குக் கூறினாள். “ஐயா, பாதித் தவணை அதைப் பாடிக்கொண்டே திரிந்தோம். பொருள் தெரிந்த பிறகு எனக்கு வாய் எழவில்லை” என்றாள். அவளோடு பயின்ற மற்றவரோ பொருள் தெரிந்தபின் இன்னும் உரக்கப் பாடினராம். இவ்விரு வகையினரும் எல்லா வகுப்பிலும் உளர்.

பொருள் தெரியாமல் பாடிய நாள்களில் அம்மாணவி பொய் கூறினாளா? இல்லை. மனத்தில் உள்ளதற்கு மாறாக உரைப்பதே பொய். மனத்தில் ஒன்றும் இல்லாதபோது மாறுபடுவது எதனோடு? எனினும் அவள் உரைத்தது உண்மையும் அன்று. உண்மைக்கும் பொய்க்கும் இடையே, இன்னும் யாரும் குடிபுகாத வீடு போல் ஓர் இடம் உள்ளது. பொருள் அறியாமல் பாடுவோர் அங்கே நிற்கின்றனர். அங்கே நிற்பதில் குற்றமில்லை. அவர்கள் அறியாமலே பிறர் அவ்வீட்டில் குடிபுகக்கூடும் என்பதே அச்சம்.

நம் முன்னோர் இதனைத் தம் வாழ்வில் பட்டறிந்தவர்கள். படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு இட்டுக் கப்பலேறினர். அத்தாளில் எழுதியிருந்த சொற்களும் அவர்களுடைய சொற்களாகவே கொள்ளப்பட்டன. அவற்றின்படி அவர்கள் கட்டுண்டனர். மலாயாவில் அந்த ஒப்பந்தமுறை 1910இல் முடிவுக்கு வந்தது; அதன் நினைவோ நீங்கவில்லை. ஆகவே ஒருவனைக் கட்டும் சொல்லையும் கட்டாத சொல்லையும் வேறுபிரித்துக் காணவேண்டும் என்பேன். பறவையின் இறகைப் பிடுங்குவேன் என்று பாடிய மாணவியை யாரும் பறவை பிடிக்க அழைக்கப்போவதில்லை. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவை நம் மாணவர் சபைகூடலில் ஒப்புவிக்கின்றனரே, அது அத்தகையதன்று. அது உறுதிமொழி, சொல்வோனைக் கட்டுவது. அதன் ஐந்து கோட்பாடுகளின் பொருளையும் குழந்தைக்குத் தமிழில் விளக்காமல் ஒப்புவிக்கச் செய்வது, அன்புடனேயே செய்தாலும், கைநாட்டு வாங்குவதற்கு ஒப்பாகும். பாட்டிற்குப் பொருள் பின்னர் வரலாம். உறுதிமொழிக்குப் பொருள் முன்னரே வரவேண்டும். நாட்டுப்பண் இரண்டிற்கும் இடைப்பட்டது. அது பாட்டு; ஆயினும் அசையாது நின்று பாடுகிறோம். அவ்வாறு நிற்பதே ஓர் உறுதி அன்றோ? ஆதலால் அதன் பொருளை முதலாமாண்டிலேயே, முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவது நன்று என்பது என் கருத்து.

வழிபாட்டு மொழிகளைப் பற்றியும் இவ்வாறே வினவுவோர் உளர். கத்தோலிக்கர் பல நூற்றாண்டுகள் இலத்தீனில் கேட்ட பூசையை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின்னர்த் தத்தம் மொழிகளில் கேட்கலாயினர். நம்மிடையே மாணிக்கவாசகர் சிவபுராணத்தை முடிக்கும் இடத்தில், பொருளுணர்ந்து சொல்வோரையே சிறப்பித்துச் சொல்கிறார். ஆனால் அதே திருமுறைகளைக் கற்பிக்கும் ஓதுவார், சிறுவனுக்கு முதலில் பண்ணையே தருகிறார். பொருளைப் பின்னரே தருகிறார். இது முரண் அன்று. மாணிக்கவாசகர் சொன்னது சேரவேண்டிய ஊர். ஓதுவார் காட்டுவது வழி. வழியிலேயே குடியிருக்கத் தொடங்குவதுதான் பிழை.

அவ்வாறு குடியிருக்க நேர்ந்த ஒரு கூட்டத்தாரை நினைத்துப் பார்க்கிறேன். இந்தியப் பெருங்கடலில், சீசெல்சுக்குத் தெற்கே, ரியூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவு உள்ளது. அங்கு 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழர் பலர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சுக் குடிமக்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. பேச்சுத் தமிழ் அவர்களிடம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் கோவில்களில் தமிழ்ப்பாட்டு ஒலிக்கிறது. தெருக்கூத்தையும் தமிழிலேயே ஆடிவந்துள்ளனர். பாட்டைக் கேட்டுப் பிரெஞ்சு கற்க விழையும் தமிழர் ஒருபுறம். பிரெஞ்சு பேசிக்கொண்டே பொருள் அறியாத் தமிழைப் பாடும் தமிழர் மறுபுறம்!

இவர்களைக் கிளிப்பிள்ளைகள் என்று இகழ்வோரை நான் கேட்டிருக்கிறேன். அவ்விகழ்ச்சி எனக்கு உடன்பாடன்று. தான் அறியாத ஒன்றைத் தன் பாட்டனின் பொருட்டுப் போற்றிக் காப்பவன் அறிவில் குறைந்தவனாகலாம். அன்பில் குறைந்தவன் அல்லன். எனினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. பொருள் போனால் ஒலியும் நெடுநாள் நில்லாது. பாட்டை உரோமன் எழுத்தில் எழுதிவைத்து ஓதும்போது லகர, ளகர, ழகர வேறுபாடு முதலில் தேய்கிறது. பின்னர்ச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள எல்லை தேய்கிறது. எங்கே மூச்சு விடவேண்டும் என்பதை அறியப் பொருள் வேண்டும். ஓரடியில் எங்கே நிறுத்துகிறான் என்பதைக் கேட்டே, பாடுவோன் பொருள் அறிந்தவனா அல்லனா என்று கூறிவிடலாம்.

ரியூனியன் தொலைவில் உள்ளது என்று நாம் ஆறுதல் கொள்ளவேண்டா. பேராக்கில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. அவற்றுட் பல தோட்டப்பள்ளிகளாகத் தோன்றியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போக, மக்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தனர். லயத்து வாசலில் மூதாட்டியர் பாடிய பாட்டில் எருக்கிலையும் ஏற்றமும் வந்தால், பிள்ளைகள் அவற்றைக் கண்டதில்லையாயினும் கேட்டறிய ஆள் இருந்தது. இன்று அடுக்குமாடி வீட்டில் திரைப்பாடலைத் திருத்தமாகப் பாடும் சிறுவனிடம் அதில் வரும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், தாயை நோக்குகிறான். தாய் கைப்பேசியை நோக்குகிறாள். பாட்டு இருக்கிறது; கேட்க ஆளில்லை.

இங்கேதான் இரண்டாவது வினாவுக்கு எனக்குத் தோன்றும் விடை உள்ளது. ஆயாக் கொட்டகையில் ஏணையை ஆட்டிப் பாடிய தாய், குழந்தையின் இசைவைப் பெற்றுப் பாடவில்லை. மாமன் கொண்டுவரும் சீரைப் பற்றி அவள் பாடினாள். குழந்தைக்கு மாமனும் தெரியாது, சீரும் தெரியாது. அதனை யாரேனும் ஏமாற்று என்பரோ? ஏன் என்பதில்லை? பாடியவள் அறிந்திருந்தாள். குழந்தை வளர்ந்து ஒருநாள் “மாமன் யார்?” என்று கேட்டால் அவளிடம் விடை இருந்தது. பொருள் குழந்தையிடம் இல்லாவிடினும் பாட்டின் மறுமுனையில், அவளிடத்தில், இருந்தது. ஆகவே, பொருள் அறியாத சொற்களைக் குழந்தையின் வாயில் வைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. அப்பொருளைத் தாம் அறிந்திருக்கும் வரை. அவர் அறியாதபோது அவ்வுரிமை இல்லை, மெட்டு எத்துணை இனிதாயினும்.

பயிற்சிக்காக நம் பள்ளிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் பாடத்திட்டத்தைப் பற்றி நான் முதலில் வினவுவதில்லை. நாளைக் காலை மாணவர் பாடப்போகும் வாழ்த்தில் இரண்டாம் அடிக்குப் பொருள் யாது என்று கேட்பேன். சிலர் உடனே கூறுவர். சிலர் மெட்டை மட்டும் மெல்ல முனகிப் பார்ப்பர். சிலர் ஒன்றும் பேசாமல் நூலகத்திற்குச் சென்று அகராதியைப் புரட்டிக்கொண்டு நிற்பர். அவர்களுக்கு நான் முதலாமாண்டு வகுப்பைத் தருவது வழக்கம்.