வீட்டு மொழியை விடச் சொல்லலாமா?

பிழைப்பு நாடி வேற்று மாநிலத்திலிருந்து வந்த பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, "இனி வீட்டிலும் பிள்ளையிடம் தமிழிலேயே பேசுங்கள்" என்று அறிவுரை கூறும் வழக்கம் ஆசிரியர் பலரிடம் உண்டு. நல்லெண்ணத்தால் பிறந்த அறிவுரைதான். ஆயினும், ஒரு தாயிடம் அவ்வாறு கேட்க நமக்கு உரிமை உண்டா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

புதுக்கோட்டைச் சீமைக்கு வேற்றுமொழியாளர் வருகை புதியதன்று. சித்தன்னவாசல் மலையில், ஏழடிப்பட்டம் குகைத்தளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக அமைத்த இருக்கையைக் குறிப்பிடுகிறது. எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்பர். அக்கல்வெட்டில் கன்னடச் சாயலுள்ள சொற்களையும் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுத்தும் அயல்நாட்டுச் சொல்லும் ஒரே பாறையில் இடம் பெற்றுள்ளன. பாறைக்கு ஒரு குறையும் நேரவில்லை.

இன்று விராலிமலைத் தொழிற்கூடங்களுக்கும் கட்டடப் பணிகளுக்கும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவர் வருகின்றனர். சிலர் குடும்பத்தோடு தங்குகின்றனர். அத்தகைய தாய் ஒருத்தி அறிந்த தமிழ் எவ்வளவு? கூலி, விலை, பேருந்து, அவ்வளவே. "மழை ஏன் பெய்கிறது?" என்று பிள்ளை கேட்டால், தன் மொழியில் அவள் ஒரு கதையே சொல்லுவாள். நம் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவளோ, சொல் கிடைக்காமல் "போ, விளையாடு" என்பாள். பிள்ளைக்கு நல்ல தமிழும் கிட்டவில்லை. தாயின் பேச்சும் நின்றது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்ற பாடம். வீட்டு மொழியே அப்பிள்ளைக்குத் தெரிந்தது. நீர் ஆவியாவதைத் தன் மொழியில் உணர்ந்த பிள்ளைக்குத் தமிழில் ஒரு சொல்லை மட்டும் கற்பித்தால் போதும். கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பேச்சுத் திறனையும் பாடமொழித் திறனையும் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் விளையாட்டுத் திடற்பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைகூடும். பாடநூல் மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். திடலில் சரளமாக வாதாடும் பிள்ளை வகுப்பில் விழிக்கும்போது, மந்தபுத்தி என்று முத்திரை குத்தப்படுவது பெரும்பாலும் இவ்வேறுபாட்டை அறியாமையால் நிகழும் அநீதி.

அவ்வாறாயின் தமிழ் வேண்டாவா? வேண்டும், கட்டாயம் வேண்டும். பேருந்துப் பலகையையும் கூலிக் கணக்கையும் படிக்க இயலாதவர் என்றும் பிறர் தயவில் வாழ்பவரே. தலைமுறைகளாக இங்கு வணிகம் செய்யும் மார்வாரிக் குடும்பங்களிலும், தமிழை வாயாரப் பேசி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர் உளர். அவர்களுக்கும் இது பொருந்தும். 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயல வேண்டும் என்கிறது. ஒரே ஒரு ஒடியாப் பிள்ளை படிக்கும் சிற்றூர்ப் பள்ளியில் அதற்கு வழியில்லை. ஆகவே தமிழைத் தருவது பள்ளியின் கடமை. பள்ளிக் கல்வித்துறையின் 'தமிழ் மொழி கற்போம்' திட்டம் அதற்கென்றே எழுந்தது. அக்கடமையைத் தாயின் தலையில் சுமத்துதல் முறையன்று.

வேறொன்றும் உண்டு. கனடா நாடாளுமன்றம் 2016-இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபோது நாம் மகிழ்ந்தோம். அயல்நாட்டில் வளரும் பேரப்பிள்ளை தொலைபேசியில் தமிழில் ஒரு வாக்கியம் பேசினால் நாள் முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒடிசாவிலும் ஒரு பாட்டி தொலைபேசி அருகில் காத்திருப்பாளன்றோ!

இதனினும் நம்மை வருத்துவது, பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கும் கொடுமை. தாயின் நோயை மருத்துவர் கூற, எட்டு வயதுச் சிறுமி அதைத் தாய்க்கு எடுத்துரைக்க நேர்கிறது. அச்சொற்கள் அவ்வயதுக்கு உரியவையல்ல. தாய்க்கே தமிழ் கற்பித்தால் இச்சுமை குறையும். 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின் மாலை வகுப்புகளில் இம்மாவட்டத்துப் பெண்கள் திரளாக எழுத்தறிந்தனர்; மிதிவண்டியும் கற்றனர். அத்தகைய வகுப்புகளைக் குடியேறிய தாய்மாருக்கும் நடத்தலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் இருக்கிறோம். பள்ளித் திண்ணை மாலையில் காலியாகத்தான் கிடக்கிறது. முதற்பாடத்தை அகரத்தில் தொடங்காமல், மருத்துவமனைச் சீட்டில் தொடங்கலாம்.