எது சுத்தமான கடை?

உணவுக் கடைகளை மதிப்பிட்டு எழுதுவது இன்று பலருக்குப் பொழுதுபோக்காகவும் சிலருக்குத் தொழிலாகவும் ஆகிவிட்டது. எந்தக் கடையின் கோப்பி மணம் மிக்கது, எங்கே பாலும் நெய்யும் சேராத தாவர உணவு கிடைக்கும், எந்த இடத்தில் நெடுநேரம் அமர்ந்து பேசலாம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதை நம்பிச் செல்வோரும் உளர். நகரத்து வழக்கமாயிருந்த இது ஏ9 வீதி வழியே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நாவின் சுவையை நாம் இழிவாகக் கருதுபவர்கள் அல்லர். பகல் முழுதும் வகுப்பில் நின்று தொண்டை வறண்ட ஆசிரியனுக்கும், வெயிலில் வயலறுத்த கூலியாளுக்கும் ஒரு குவளை நல்ல தேநீர் எத்துணை பெரிய ஆறுதல் என்பதை நாம் அறிவோம். ஆயின், ஒரு கடை நல்ல கடையா என்ற வினாவுக்குச் சுவையும் விலையும் துப்புரவும் மட்டுமே விடையாகிவிடுமா? அங்கே அமர்பவர் யார், அமர முடியாதவர் யார், அடுப்படியில் வேகுபவர் யார் என்னும் வினாக்களை எழுப்பாமல் ஒரு கடைக்கு நற்சான்று வழங்குவது அறமாகுமா?

இவ்வினாக்களை நாம் வலிந்து புகுத்தவில்லை. நம் நாட்டுத் தேநீர்க் கடைகளின் வரலாறே அவற்றை எழுப்புகிறது.

'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயர். புலால் கலவாத உணவின் பெயரும் அதுவே. இவ்விரு பொருள்களோடு மூன்றாவது பொருளொன்றும் எந்தப் பலகையிலும் எழுதப்படாமல் நெடுங்காலம் வழங்கிவந்தது. உள்ளே வரத் தக்கவர் இன்னார், வாசலில் நிற்க வேண்டியவர் இன்னார் என்பதே அது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில், 1950களிலும் 60களிலும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வாங்கில் இடமில்லை. மற்றவர் குடிக்கும் குவளையும் இல்லை. போத்தலிலோ தகரப் பேணியிலோ வாங்கி, புறத்தே நின்று குடித்துவிட்டுப் போகவேண்டும். அடுக்களையில் மீன் முள்ளொன்று கிடந்தால் தீட்டு என்று பதறிய அதே கடை, மனிதனை வெளியே நிறுத்தியதில் தீட்டு எதையும் காணவில்லை.

சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் இடதுசாரிகளும் கொடுத்த நெருக்குதலின் நடுவே, 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இக்கொடுமையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்னும் குவளை வரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடிக்கு ஆளானது. மறு ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் கடைகளின் கதவுகள் போராட்டத்தினாலேயே திறந்தன. இரத்தம் சிந்தியே ஒரு குவளைத் தேநீரின் உரிமை பெறப்பட்டது என்பதை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

கோயிலுக்கும் பள்ளிக்கும் நிகராகத் தேநீர்க் கடையும் ஏன் போர்க்களமாயிற்று? கோயிலைப் பூட்டியவர்கள் ஆகமத்தைக் காட்டினார்கள். பள்ளியில் இடம் மறுத்தவர்கள் வழக்கத்தைக் காட்டினார்கள். கடையிலோ காட்டுவதற்கு ஒன்றுமில்லை. காசைக் கொடுத்தவன் பொருளைப் பெறலாம் என்பதே கடை என்னும் நிலையத்தின் ஒரே சட்டம். அந்தச் சட்டத்தையும் மீறி, காசை வாங்கிக்கொண்டு மனிதனைத் தள்ளி நிறுத்தியபோது, சாதி தன் முகமூடிகள் அனைத்தையும் இழந்து நின்றது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் அன்று. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், முரளி கபே என்னும் உணவுவிடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றுமாறு பெரியார் இயக்கத்தினர் பல மாதங்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோ நகரில், 1960 பெப்ரவரி முதலாம் நாள், கறுப்பின மாணவர் நால்வர் ஒரு கடையின் உணவு மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள், மாணவரும் எழ மறுத்தார்கள். அவ்வாண்டு யூலை மாதத்தில் அந்த மேசை எல்லாருக்கும் திறக்கப்பட்டது.

இங்கே ஒருவர் மறுப்புக் கூறலாம். 'சாதி வெறியர் சிலர் சைவ உணவைத் தமக்கு வேலியாக்கிக் கொண்டதனால், உயிர்க்கொலை தவிர்க்கும் ஒழுக்கமே பொய்யாகிவிடுமா?' என்று அவர் கேட்பார். ஆகாது என்பதே நம் விடை. ஓருயிரை வருத்தாமல் உண்ண விரும்பும் இளைஞனின் உள்ளம் மதிக்கத் தக்கது. ஆனால் அந்த அருள் எங்கே சென்று முடிகிறது என்பதையே நாம் கேட்கிறோம். வள்ளுவர் கொல்லாமையைப் பேச எடுத்துக்கொண்ட அதிகாரத்தின் உள்ளேயே, உள்ள உணவைப் பிறரோடு பகிர்ந்து உயிர்களைப் பேணுவதைத் தலையாய அறமென வைக்கிறார். கொல்லாமல் விட்டதோடு கடமை முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. பசித்தவனுக்குப் பங்கு கொடுக்கச் சொல்கிறார். வடலூர் வள்ளலாரும் புலாலை மறுத்தவர். பசி தீர்ப்பதையே சீவகாருண்ணியத்தின் உயிர்நிலை என்றவர். 1867இல் அவர் தொடங்கிய தருமசாலையில் சாதி கேட்டு இலை போடவில்லை. புலால் மறுப்பும் மனித சமத்துவமும் ஒரே அடுப்பில் வேக முடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அதே 1867ஆம் ஆண்டிலேதான், ஜேம்ஸ் டெய்லர் இலங்கை மலைநாட்டின் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். தமிழகத்தில் பசித்தவனுக்கு ஓர் அடுப்பு எரியத் தொடங்கிய காலத்தில், அதே தமிழகத்தின் பசித்த மக்கள் கடல் கடந்து மலைகளில் முதுகு ஒடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களை முதலில் அழைத்தது கோப்பி. 1830கள் தொட்டுப் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்காக, மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடே மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, கூலி வாழ்வு மாறவில்லை.

அம்மக்களின் வழிவந்தோர் இன்று நம் அயலவர்கள். 1948இல் குடியுரிமையை இழந்து, 1977 இனக் கலவரத்தில் வீடிழந்து, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். வன்னியின் வயல்களில் அவர்களின் வியர்வை விழுந்திருக்கிறது. ஆயினும் 'தோட்டக்காட்டான்' என்னும் வசைச்சொல் நம் நாக்கிலிருந்து முற்றாக உதிரவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற ஊதியம் வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குளிரூட்டிய அறையில் கோப்பியின் நறுமணத்தைப் புகழ்ந்து எழுதுபவர் இவ்வரலாற்றையும் மோந்து பார்க்கட்டும்.

போருக்குப் பிந்திய வன்னியில் இன்னொரு காட்சியையும் கண்டோம். 2009ஐ அடுத்த ஆண்டுகளில் ஏ9 வீதியோரம் படையினரே சிற்றுண்டிச்சாலைகள் நடத்தினார்கள். அரச சம்பளம் பெறுபவரின் கடையோடு, கூரையும் முதலும் இழந்த குடும்பத்தின் கொட்டில் கடை எவ்வாறு போட்டியிடும்? அந்தத் தேநீர் மலிவாயிருந்திருக்கலாம். அந்த மலிவின் செலவை யார் சுமந்தார் என்பதே அறத்தின் கேள்வி.

இதற்கு மாறான முயற்சிகளும் உண்டு. வடமாகாண சபை இயங்கிய காலத்தில் 'அம்மாச்சி' என்ற பெயரில் பாரம்பரிய உணவகங்கள் வன்னி மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் எழுந்தன. அங்கே பெண்கள் உண்போர் கண்முன்னே குரக்கன் பிட்டும் தோசையும் உழுந்து வடையும் சமைக்கிறார்கள், புலால் இல்லை. சமைத்தவளே விற்கிறாள், வருவாயும் அவள் கைக்கே போகிறது. குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்கள் நிறைந்த மண்ணில் இது சிறிய செய்தியன்று. தொழிலாளர் இதனினும் ஒரு படி மேலே சென்ற சான்று இந்தியாவில் உண்டு. கோப்பிச் சபை தன் கோப்பிக் கடைகளை மூடி ஊழியரைத் தெருவில் விட்டபோது, ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் அவை உருவாயின. பரிமாறியவர்களே உரிமையாளர் ஆனார்கள்.

வெறும் சுவைத் தராசு இனிப் போதாது. சாதிச் சுவர் விழுந்த இடத்தில் விலைப்பட்டியல் என்னும் சுவர் எழும்பியிருக்கிறதா? கோப்பை கழுவும் சிறுவன் பள்ளிக்குப் போகும் வயதினனா? பரிமாறும் பெண்ணுக்கு உட்காரும் நேரமும் உரிய கூலியும் உண்டா? நிலத்தில் உழைத்தவன் சேற்றுக் காலோடு உள்ளே வந்தால் முகஞ் சுளிக்காத கடையா?

ஆசிரியர்களும் மாணவர்களும் நாள்தோறும் கடைகளில் கூடுகிறோம். இலக்கியமும் அரசியலும் அங்கேதான் பேசுகிறோம். பேச்சின் நடுவே ஒருமுறை அடுக்களைப் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். பார்த்ததைக் கடைக்காரரிடம் கேட்போம். கேட்பவர் பெருகினால் கடைகளும் மாறும். முன்னையோர் உதைபட்டுத் திறந்த கதவுகள் இவை. அவற்றை எல்லா மனிதருக்கும் அகலத் திறந்து வைத்திருப்பது நம் தலைமுறையின் பொறுப்பு.