கூலியும் ஓர் அமானத்தே!

தொழுகையிலும் நோன்பிலும் ஒரு சந்தேகம் வந்தால் ஆலிம்களைத் தேடிச் சென்று கேட்கிறோம். மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் கூலி கொடுக்கும் இடத்திலோ எந்தச் சட்டமும் நம் நினைவுக்கு வருவதில்லை. அங்கேயும் மார்க்கம் இருக்கிறது. அடியார்களின் உரிமையாகிய ஹக்குல் இபாத் அங்கே கைமாறுகிறது. அதில் குறை வைத்தால் உரியவரிடம் தீர்க்காமல் அது தீராது.

வேலையை யாரிடம் கொடுப்பது? திருமறையின் 28ஆம் அத்தியாயமான கஸஸில் இதற்கு வழிகாட்டுதல் உண்டு. மத்யனில் தம் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டித் தந்த மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படித் தந்தையிடம் கூறிய பெண்மணி, வலிமை, நம்பகம் என்ற இரண்டையும் சேர்த்தே சொன்னார். பட்டறையில் வலிமை என்பது தொழிலறிவு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் போதாது.

நம்மில் சிலர், முதல் வரிசையில் தொழுகிறவர் என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை ஒப்படைக்கிறோம். வேறு சிலர், கைதேர்ந்தவர் என்ற பெயரை மட்டும் நம்பி, நாணயத்தைப் பாராமல் விடுகிறோம். ஒருவர் மற்றொருவரைப் பற்றி நற்சாட்சி கூறியபோது, அவரோடு பயணம் செய்ததுண்டா, கொடுக்கல் வாங்கல் உண்டா, அண்டை வீட்டில் வாழ்ந்ததுண்டா என்று உமர் (ரலி) அவர்கள் விசாரித்ததாக அறிவிக்கப்படுகிறது. பள்ளிவாசலில் கண்டது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. பிரேக் ஷூ தேய்ந்திருப்பதைக் கவனியாது விட்டால், மனைவி மக்களோடு செல்பவரின் உயிருக்கே ஆபத்து. தொழில் தெரியாத குறையை வணக்கம் ஈடு செய்யாது.

முதலில் சிறிய வேலையொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். கழற்றிய பழைய சாமானைக் கேட்காமலே எடுத்துக் காட்டுகிறாரா? புதிய பழுது தென்பட்டால் நம்மைக் கேட்டபின் கை வைக்கிறாரா? தெரியாததைத் தெரியாது என்கிறாரா? 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின், புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் முறை வந்துவிட்டது. சென்சார் கோளாறைச் சரியாக அறிய ஸ்கேனர் கருவி வேண்டும். அது இல்லாதவர், "இது நம்மிடம் முடியாது பாய், கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்" என்று அனுப்பிவிட்டால், அன்றைய கூலியை இழந்தாலும் அமானத்தைக் காத்தவராகிறார். அடுத்த வேலைக்கு அவரையே தேடிச் செல்லலாம்.

இனிக் கூலிக்கு வருவோம். சாமான் உறையில் விலை அச்சிட்டிருக்கிறது. உழைப்பின்மீது எந்த விலையும் அச்சிடப்படவில்லை. ஆகவே முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கூலி பேசாமல் தையற்காரரிடம் துணி கொடுத்தவரின் விஷயத்தை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எடுத்துரைக்கிறார்கள். பேசாததால் கூலி இல்லை என்பது அதில் முதன்மையாகச் சொல்லப்படும் கூற்று. கூலிக்கே அவ்வேலை செய்பவர் என்று அறியப்பட்டவருக்குக் கூலி உண்டு என்பது மற்றொரு கூற்று. இமாம்கள் இத்தனை நுணுகி ஆராய்ந்த காரியத்தை, "பார்த்துக் கொடுங்கள்" என்ற ஒரு சொல்லில் விட்டுவிடலாமா?

ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவதே நியாயமான கூலி. சட்ட நூல்கள் இதை உஜ்ரத்துல் மிஸ்ல் என்கின்றன. இரண்டு மூன்று பட்டறைகளில் விசாரித்தால் தெரிந்துவிடும். நேரத்தை மட்டும் வைத்து அளக்கலாகாது. பத்து நிமிடத்தில் கோளாறைக் கண்டு சரி செய்தவரிடம், "பத்து நிமிட வேலைதானே" என்று குறைப்பது, அவர் பல்லாண்டு கற்ற தொழிலுக்கு விலையில்லை என்பதாகும். கூலி அதிகமென்று தோன்றினால் வேலைக்கு முன்பே வேறிடம் செல்ல நமக்கு உரிமையுண்டு. பேசி முடித்த வேலையை வாங்கிக்கொண்ட பின் குறைக்க உரிமையில்லை. அதிகக் கூலியை வெளிப்படையாகச் சொல்பவர் மோசடிக்காரர் அல்லர். மாற்றாத ஆயிலை மாற்றியதாகச் சொல்பவரே மோசடிக்காரர்.

சாமான் வாங்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் பணம் கொடுத்து வாங்கிவரச் சொன்னால் அவர் நம்முடைய வகீல். கடைக்காரர் தள்ளிக் கொடுக்கும் தொகை நமக்குரியது. நம் சம்மதமின்றி அவர் வைத்துக்கொள்ளலாகாது. தாமே வாங்கி வைத்திருந்து, விலை சொல்லி நமக்கு விற்றால் இலாபம் அவருக்கு ஹலால். எனவே சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதித் தரக் கேட்பது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. இருவரையும் ஹராமிலிருந்து காப்பதாகும்.

மூஸா (அலை) அவர்கள் வேலைக்கு அமர்ந்த அதே மத்யனின் மக்கள்தாம், அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்து, ஷுஐப் (அலை) அவர்களின் எச்சரிக்கையைக் கேளாமல் அழிந்தவர்கள். தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கே கேடு என்று முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. செய்யாத வேலைக்குக் கூலி எழுதுபவரிடம் மட்டுமல்ல, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, "மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று வண்டியேறிவிடும் நம் கையிலும் அந்தத் தராசு இருக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்.

கொடுப்பதிலும் பெறுவதிலும் நேர்மையை நம் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.