செம்பருந்தும் மதிற்பாசியும்

கருடஸேவையன்று வானில் செம்பருந்து வட்டமிடக் கண்டால், பெரிய திருவடியின் நினைவால் அடியார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வர். அவ்வேளையில் தாம் சாய்ந்து நிற்கும் திருமதிலின் பாசியை ஒருவரும் நோக்கார். பறப்பது உயர்ந்தது, கிடப்பது தாழ்ந்தது என்ற எண்ணமே காரணம். இதுவே ஆன்ம விஷயத்திலும் புகுந்து, முயலும் வலிமையற்றவனுக்கு எம்பெருமானின் கிருபை கிட்டுமோ என்ற ஐயத்தை விளைவிக்கிறது.

வெண்தலையும் வெண்மார்பும் செம்மேனியும் கொண்ட செம்பருந்து, இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை நீர்நிலைகளை அண்டி வாழ்வது; மீனும் நண்டும் தேடித் திரிவது. ஆயினும் அது சிறகசைக்காமல் வட்டமிடுவது, வெயிலால் சூடேறி மேலெழும் காற்று தாங்குவதாலன்றோ? சிறகை விரிப்பது பறவையின் செயல். தாங்குவது காற்றின் செயல்.

மதிற்பாசி குளத்துப் பாசியினின்று வேறானது. அதில் ஒருவகை வெள்ளிநிறப் பாசி. 1801இல் வெளிவந்த ஹெட்விக் என்பாரின் நூலில் ‘பிரையம் அர்ஜென்டியம்’ எனப் பெயர் பெற்றது. நகரச் சுவர்களிலும் அண்டார்டிகாவிலும்கூட வளர்வது. அதற்கு மெய்யான வேர் கிடையாது. மேலே விழும் நீரை இலைகளாலேயே பருகும். மழையின்றேல் உலர்ந்து உயிரற்றதுபோல் கிடக்கும். நீர் பட்டதும் உயிர்த்தெழும்.

அங்ஙனமாயின் அது சோம்பிக் கிடக்கிறதோ எனின், இல்லை. உலருங்கால் தன் உயிரணுக்கள் சிதையாவண்ணம் காத்துக்கொள்கிறது; நனைந்தவுடன் பழுதுபட்டவற்றைச் சீர்செய்கிறது. பெறுதற்கு ஆயத்தமாயிருத்தலே அதன் தொழில்.

மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று பெரியோர் காட்டிய இரு திருஷ்டாந்தங்களை இங்கு எண்ணுதல் தகும். தாயைப் பற்றும் குரங்குக்குட்டியும், தாயால் பற்றப்படும் பூனைக்குட்டியும் வீழ்வதில்லை. பறக்கவல்லவன் தன் சிறகே தன்னைத் தாங்குவதாகச் செருக்குறுதல் தவறு. கிடப்பவன் தன்னைக் கைவிடப்பட்டவனாக எண்ணி வருந்துதலும் தவறு. சரணாகதியின் அங்கங்களாகிய கார்ப்பண்யம் முன்னவனுக்கும், மஹாவிசுவாசம் பின்னவனுக்கும் மருந்தாகும்.

நோயாலும் முதுமையாலும் உற்சவத்திற்கு வரமாட்டாது வீட்டில் கிடப்போர் பலர். நெடுவழி நடந்து ஸேவித்தோர் அவர்களைக் குறைந்தவராக எண்ணற்க. பெருமாள் தீர்த்தத்தையும் திருத்துழாயையும் கொண்டுசென்று அவர்கள் கையில் சேர்ப்பிக்க. மேகம் மதிலுக்கும் பொழிகிறது.